திரும்பி வந்த மாத்திரைகள்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தனியார் கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். எங்கள் மலாய் நாட்டில் டாக்டரைப் பார்த்த இடத்திலேயே மருந்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். டாக்டர் கார்டில் கிறுக்கியதைப் படித்து, மாத்திரையை எண்ணி, சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எப்போது எத்தனை என்று மேலே எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் நர்ஸ் படித்தவள் இல்லை. இருந்தாலும் வருகிறவர்கள் என்னை 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் ஒருநாளும் மறுத்ததில்லை.

யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் காலையில் ஷட்டரையே தூக்குவேன். வேலைக்கு மட்டம் போட வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் ஒரு ரகம், அவர்களை விட்டுவிடலாம். வலி மாத்திரைக்காகவே வருகிறவர்கள் வேறு ரகம். நுழையும்போது இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். போகும்போது கை வலது இடுப்பில் இருக்கும். டாக்டர் எழுதுவதற்கு முன்பே மருந்தின் பெயரைச் சுத்தமாகச் சொல்வார்கள். அந்த ஒன்றைத் தவிர வேறெந்த மருந்தும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

"மிஸி, போன தடவ ஒரு கேப்சூல் குடுத்தீங்களே, அதுதான் எனக்குச் சரியா வரும்லா" என்பார் ஒருவர்.

"போன தடவ நீங்க வரவே இல்லையே அண்ணே" என்பேன்.

அதற்கு மேல் நிற்காமல் கிளம்பிவிடுவார். எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாத மனிதர். அவரே ஒருமுறை, "நீ நிக்கேக்க எனக்குக் காவல்காரன் என்னத்துக்கு?" என்று சிரித்தார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படிப்பட்ட நான்தான் என் தம்பி கையில் முதல் உறையைக் கொடுத்தேன். அவன் பிறகு ஹெராயினில் போய் விழுந்ததற்கு ஊரில் எல்லோர் மேலும் சந்தேகப்பட்டேன், என் மேல் மட்டும் சந்தேகம் விழாமல் பார்த்துக்கொண்டேன். அதைத் தம்பியின் மனைவியிடமிருந்து மறைக்க நான் செய்த வேலைகளை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். அப்பா அம்மா போன பிறகு நான்தான் வளர்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கிள்ளானில் ஒரே வீட்டில் இருந்தோம். நான், தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை. நான் காலையில் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போய்விடுவேன். தம்பி துறைமுகத்தில் டிரெய்லர் லோரி ஓட்டினான். ஒருநாள் மழையில் கண்டெய்னரைப் பூட்டும்போது கால் வழுக்கி, மேலிருந்து சிமெண்டுத் தரையில் முதுகு அடிபட விழுந்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டிராமடோல் என்ற வலி மாத்திரையைப் பத்து நாளைக்குக் கொடுத்தார்கள். அது அபின் குடும்பத்து மருந்து. எங்கள் கிளினிக்கில் அதைத் தனி அலமாரியில் பூட்டி வைப்போம், ஒவ்வொரு மாத்திரையும் ரிஜிஸ்டரில் ஏறும். பத்து நாள் முடிந்தது, வலி முடியவில்லை. திரும்பப் போனால், இனி அது வேண்டாம், உடற்பயிற்சி செய், சாதாரணப் பனடோல் போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய அடிக்குப் பனடோலா? நம்ம ஆட்கள் என்றால் இவர்களுக்கு இளக்காரம் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த டாக்டர் சொன்னதுதான் சரி என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவர்களோடும் சண்டைக்குப் போயிருப்பேன்.

இங்கே எங்கள் கவுண்டரில் நடக்கும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஒருவர் இறந்துபோனால், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய துணிமணி, கட்டில் எல்லாவற்றையும் ஒழிப்பார்கள். மருந்தை மட்டும் குப்பையில் போட மனசு வராது. ஒரு பையில் கட்டி எங்களிடம் கொண்டுவருவார்கள். "மிஸி, அப்பாவோட மருந்து, பிரிக்காததெல்லாம் அப்படியே இருக்கு. யாராச்சும் இல்லாதவங்களுக்குக் குடுங்க, புண்ணியமாப் போவும்" என்பார்கள். அப்படிக் கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் துக்கத்தோடு நிற்பவர்களிடம் அதை எப்படிச் சொல்வது? வாங்கி, கவுண்டருக்குக் கீழே ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவேன். மருத்துவக் கழிவு எடுக்கும் லோரி வரும்போது அது போய்விடும். அந்த டின்னுக்கு ரிஜிஸ்டர் கிடையாது. அதைப் பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான்.

புற்றுநோயில் போனவர்களின் பைகளில் டிராமடோல் அட்டை அட்டையாக இருக்கும். அவற்றைக் குப்பை மூட்டையில் கொட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த வாரம் கொட்டவில்லை. இரண்டு அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். திருட்டு என்று எனக்குத் தோன்றவில்லை, யாருடைய பொருளும் இல்லையே. குப்பைக்குப் போகிறதை என் தம்பி முதுகுக்குக் கொண்டுபோகிறேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

வீட்டில் உட்கார்ந்து, கவுண்டரில் செய்வதைப் போலவே உறையில் போட்டு எழுதினேன். 'வலிக்கு. காலை 1. இரவு 1. சாப்பாட்டுக்குப் பின்.' கடைசி வார்த்தையின் கீழே இரண்டு கோடு போட்டேன். எல்லோருக்கும் அப்படிப் போடுவதுதான் என் பழக்கம். தம்பியிடம் கொடுக்கும்போது, "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லாத. அவளுக்கு வாயில எதுவும் நிக்காது" என்றேன். உண்மையில் அவள் வாயைத் திறந்தே நான் அதிகம் கேட்டதில்லை. ஆனால் அவளை நம்பக் கூடாது என்று கல்யாணத்தன்றே மனசில் எழுதிவைத்துவிட்டேன். கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்தவள், அமைதியான பெண். அமைதியாக இருப்பவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அப்போது என் கட்சி.

மாத்திரை வேலை செய்தது. தம்பி நிமிர்ந்து நடந்தான், மகளைத் தூக்கினான், லோரிக்குத் திரும்பினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு வாரத்துக்குக் கொடுத்தது பத்து நாளில் தீர்ந்தது. அடுத்தது ஒரு வாரத்தில் தீர்ந்தது.

"அக்கா, முடிஞ்சிடுச்சி."

"அதுக்குள்ளயா?"

"நேத்து லோடு ஜாஸ்திக்கா. வலி தாங்கல."

இதையே கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் சொல்லியிருந்தால் ஜன்னலைச் சாத்தியிருப்பேன். இவன் என் தம்பி, பொய் சொல்லத் தெரியாதவன். இப்படியே நாலைந்து மாதம் ஓடியது. அவன் மூக்கைச் சொறிந்துகொண்டே இருந்தான், சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கினான், கழிவறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு காரணமும் கண்டுபிடித்தேன்.

பிறகு சுகாதார இலாகாவிலிருந்து ஆள் வரப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. டாக்டர் அந்தப் பிஸ்கட் டின்னையும் பூட்டி, வருவதையெல்லாம் எழுதிவைக்கச் சொன்னார். இத்தனை வருட வேலை! அன்று சாயங்காலமே தம்பியிடம், "இதோட சரி. இனிமே கிடையாது, கேக்காத" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கியது. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் அவன் படுக்கையில் விழுந்தான். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், விடாத கொட்டாவி, வயிற்றுப்போக்கு, எலும்பு எலும்பாக வலி, மயிர் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்குகிற உடம்பு. எங்கள் லோரோங் சந்தில் அந்த மாதம் மூன்று வீட்டில் டெங்கி. எனக்குச் சந்தேகமே இல்லை, இதுவும் டெங்கிதான். பக்கத்து வீட்டு வடிகாலில் தண்ணீர் நிற்கிறது என்று அந்த ஆன்டியிடம் போய்ச் சத்தம் போட்டேன். பப்பாளி இலையைப் பறித்து, அரைத்து, சாறு பிழிந்து, மூக்கைப் பிடித்துத் தம்பி வாயில் ஊற்றினேன். ரத்தப் பரிசோதனையில் டெங்கி இல்லை என்று வந்தது. அந்த லேப் மேலும் சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவனோடு லோரி ஓட்டும் ஒருவன் பார்க்க வந்தான். தம்பி தள்ளாடி எழுந்து அவனோடு கொஞ்சம் காற்று வாங்கப் போனான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தபோது நிமிர்ந்து நடந்து வந்தான். முகத்தில் வேர்வை இல்லை, வலி இல்லை. "சோறு இருக்காக்கா?" என்று கேட்டுச் சாப்பிட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பப்பாளிச் சாறு பிடித்துக்கொண்டது என்று மாரியம்மன் கோயிலில் போய்ச் சூடம் ஏற்றினேன். கவுண்டருக்குக் காய்ச்சலோடு வருகிறவர்களிடமெல்லாம் என் தம்பி பிழைத்த கதையைச் சொன்னேன். அவன் முதல் முறை ஹெராயின் புகையை இழுத்த நாள் அது.

இது தெரியாமலே அடுத்த மாதங்கள் போயின. எனக்குத் தெரிந்ததெல்லாம் சமையலறையில் அலுமினியம் பேப்பர் சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தது என்பதுதான்.

மீன் சுடவும், எனக்குச் சாப்பாடு கட்டவும் எப்போதாவது எடுக்கும் பேப்பர் அது. ஒரு ரோல் வாங்கினால் மூன்று நாலு மாதம் வரும். இப்போது மூன்று வாரத்தில் அட்டைக் குழல் மட்டும் மிஞ்சியது. யார் என்று யோசிக்கக்கூட இல்லை. தம்பி மனைவியின் அம்மா கேரி தீவில் நடக்க முடியாமல் கிடந்தார். இவள் வாரம் ஒரு தடவை போய்வருவாள். நம் வீட்டுக் கோழியையும் மீனையும் பொட்டலம் கட்டி அம்மாவுக்குக் கொண்டுபோகிறாள், எனக்குத் தெரியாமல்! கேட்டால் நானே கட்டிக் கொடுத்திருக்க மாட்டேனா? மறைத்துக் கொண்டுபோகிறாளே என்பதுதான் என்னை அரித்தது.

வேவு பார்க்க ஆரம்பித்தேன். ரோலின் ஓரத்தில் பேனாவால் புள்ளி வைத்தேன். குழம்பில் எத்தனை துண்டு என்று எண்ணினேன். அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, குழந்தைக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி குனிந்து அவள் பையை மோந்து பார்த்திருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. துண்டுகள் குறையவில்லை. பேப்பர் மட்டும் குறைந்தது. கெட்டிக்காரி, வெளியே வாங்கிக் கட்டுகிறாள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புது ரோல் ஒன்று பாதியாகிக் கிடந்ததைப் பார்த்ததும் வெடித்துவிட்டேன். தம்பி சோபாவில் உட்கார்ந்திருந்தான். குழந்தை தரையில் கலர் அடித்துக்கொண்டிருந்தது. ரோலைக் கொண்டுவந்து தம்பி மனைவிக்கு முன்னால் மேசையில் போட்டேன்.

"இது எங்க போவுது? சொல்லு. இந்த வீட்டுல திருடித் தின்னுட்டுப் போற அளவுக்கு உங்க வீட்டுல பஞ்சமா?"

"நான் எடுக்கலக்கா."

"அப்ப யாரு, உன் மக எடுத்தாளா? உன் புருஷன் லோரில சுத்தி எடுத்துட்டுப் போனானா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் விருட்டென்று அறைக்குள் போய், அலமாரியைத் திறந்து, எதையோ கைக்குள் மூடிக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு நேராக வந்து நின்றாள். தம்பி தலையை லேசாக அசைத்தான், வேண்டாம் என்கிற மாதிரி. அவள் கையைத் திறக்கவில்லை. திரும்பிப் போய்த் துணியை எடுத்துவைத்தாள். ஒரு மணி நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூடிய கையில் இருந்தது ஏதோ நகை, அம்மாவின் மோதிரமாகக்கூட இருக்கும் என்று நினைத்து, அவள் போன பிறகு என் பெட்டியைத் திறந்து சரிபார்த்தேன். எல்லாம் இருந்தது.

அவள் போன மூன்றாம் வாரம் அடுத்த ரோலும் தீர்ந்தது.

காலிக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் வெகுநேரம் நின்றேன். வீட்டில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருத்தி நான். மறுநாள் வயிறு சரியில்லை என்று டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டு மத்தியான ரயிலில் திரும்பினேன். தம்பியின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் லைட்டர், மறு கையில் ஒரு சதுர அலுமினியம் பேப்பர், நடுவில் ஹெராயின் உருகிப் புகைந்து ஓடிய, நத்தை ஊர்ந்த தடம் மாதிரி கறுப்புக் கோடு. பக்கத்தில் கசக்கிப்போட்ட பேப்பர்கள் கிடந்தன. யாரும் எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவனை அடித்தேன். முதுகைத் தவிர மற்ற இடமெல்லாம் அடித்தேன். அவன் தடுக்கவில்லை.

"யாருடா குடுத்தா? யாரு உன்னக் கெடுத்தா? சொல்லுடா!"

"யாரும் கெடுக்கலக்கா. நீ நிறுத்துன அப்புறம் எனக்கு என்ன ஆச்சின்னு தெரியுமா? செத்துடுவேன்னு நெனச்சேன். கூட்டாளிதான் சொன்னான், அந்த மாத்திரையும் இதுவும் ஒரே ரகம்தான், இது ஒரு இழு இழுத்தா நின்னுடும்னு. நின்னுடுச்சி."

அப்போதுதான் அந்தக் கொட்டாவியும் மூக்குத் தண்ணீரும் எனக்குப் பளிச்சென்று விளங்கின. மாத்திரைக்காகக் கவுண்டரில் கெஞ்சுகிறவர்களிடம் எத்தனை தடவை பார்த்தவை! பார்த்தவுடன் கண்டுபிடிக்கிறவள் என்று பெயர் வாங்கியவள் நான். இதெல்லாம் தெரிந்த பிறகும் என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "நான் குடுத்தத யார்கிட்டயும் சொல்லாத. என் வேல போயிடும்."

"சொல்ல மாட்டேன்" என்றான்.

அரசாங்கக் கிளினிக்கில் மெத்தடோன் கொடுக்கிறார்கள். ஹெராயினுக்குப் பதிலாக அளந்து கொடுக்கும் மருந்து அது. மருந்தாளர் கண் முன்னால் குடிக்க வேண்டும். குடித்ததும் ஏதாவது பேசச் சொல்வார்கள். வாயில் அடக்கி வைத்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக. முதல் நாள் நானே கூட்டிப்போனேன். ஒரு மலாய்க்கார அம்மா பதிவுசெய்தார். இது எப்படி ஆரம்பித்தது என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"காவான்" என்றேன். கூட்டாளிகள்.

அவர் எழுதிக்கொண்டார். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டான்.

அதற்குப் பிறகு கேரி தீவுக்குப் போனேன். செம்பனை மரங்களுக்கு நடுவே எஸ்டேட் வீட்டு வாசலில் நின்று, "அலுமினியம் பேப்பர் விஷயத்துல நான்தான் தப்பு. உன்ன அநியாயமாப் பேசிட்டேன். தம்பி மருந்து குடிக்க ஆரம்பிச்சிட்டான், வீட்டுக்கு வாம்மா" என்றேன்.

"பேப்பர் விஷயம் மட்டும்தானாக்கா?" என்று கேட்டாள்.

"வேற என்ன?" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

அவள் குழந்தைக்குச் செருப்பைப் போட்டுவிட்டாள். பிறகு வந்தாள், ஒரு நிபந்தனையோடு. வீட்டில் இருக்கும் மருந்தெல்லாம், பனடோல் முதல் இருமல் மிட்டாய் வரை, ஒரு இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கும், சாவி அவளிடம் இருக்கும். நான் கிளினிக்கிலிருந்து வந்ததும் என் கைப்பையை அவள் பார்ப்பாள். என்னையா? பதினெட்டு வருடம் மற்றவர்களைச் சலித்தெடுத்தவளையா? கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் பையைத் திறந்து காட்டினேன், தினமும். அவள் ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்துவிட்டு, பையைத் திருப்பிக் கொடுப்பாள். இவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும், யார் சொன்னது? தம்பி சொல்லியிருப்பானா? ராத்திரி படுத்தால் இதே கேள்விதான்.

ஏழு மாதம் தம்பி மெத்தடோனுக்கு ஒழுங்காகப் போய்வந்தான். ஆனால் முதுகு வலி திரும்ப வந்தது. குனிந்து செருப்புப் போட முடியவில்லை. அங்கே சொன்னால், கூட்டாளிகளை விட்டு விலகு, பழைய இடங்களுக்குப் போகாதே என்று புத்தி சொன்னார்கள். ஃபைலில் இருந்தது அதுதானே. வலியென்று சொல்வதே மருந்துக்கான சாக்கு என்று நினைத்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இரண்டு நாள் அவன் மெத்தடோனுக்கும் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். துறைமுகத்துக் கூட்டாளி இரண்டு தடவை போன் அடித்தான்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் எனக்குத் தலை பிளந்தது. தம்பி மனைவியிடம் போய் இரண்டு பனடோல் கேட்டேன். பெட்டியைத் திறந்து எடுத்து, தண்ணீரும் கொடுத்தாள். விழுங்கினேன். அவள் நகரவில்லை.

"பேசுங்கக்கா" என்றாள்.

"என்ன பேச?"

"அங்க அவரப் பேசச் சொல்றாங்கல்ல. நீங்களும் ஏதாச்சும் பேசுங்க."

பனடோலுக்கா இந்தச் சோதனை என்று கத்த வாயைத் திறந்தேன். பக்கத்து அறையில் தம்பி முனகிக்கொண்டே புரண்டு படுப்பது கேட்டது. கத்தல் வரவில்லை. "நான்தான் அவனுக்கு மாத்திர குடுத்தேன்" என்றேன். "கிளினிக்லேர்ந்து. செத்தவங்க வீட்டுலேர்ந்து திரும்பி வந்தது. அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சிச்சி."

அவள் ஆச்சரியப்படவில்லை. பெட்டியின் அடியில் கையை விட்டு, ஒரு ரப்பர் பேண்டு போட்ட கட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். காலி பிளாஸ்டிக் உறைகள், இருபதுக்கு மேல் இருக்கும். 'வலிக்கு. காலை 1. இரவு 1. சாப்பாட்டுக்குப் பின்.' ஒவ்வொன்றிலும் கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு.

"அவரு சட்டப் பையில துவைக்கும்போதெல்லாம் கெடைக்கும். உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? பாப்பாவுக்குக் காய்ச்சல் மருந்து நீங்கதான எழுதித் தருவீங்க. அன்னிக்கு பேப்பர் எங்கன்னு கேட்டீங்களே, என் கையில இருந்தது இதுல ஒண்ணுதான். காட்டியிருப்பேன். அவருதான் வேணாம்னுட்டாரு. அக்கா மாட்டிக்குவா, வேல போயிடும், அவளுக்கு வேற என்ன இருக்குன்னு."

தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பி ஞாபகத்துக்கு வந்தான். மனைவியும் மகளும் வாசலைத் தாண்டிப் போகிறதைப் பார்த்துக்கொண்டு, எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். ஐயோ, அவளைத் தடுக்காத கோழை என்று அன்று அவனைத் திட்டினேனே! உறைகளை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அவள் என்னைத் தேற்றவில்லை. "என்கிட்ட சொல்லி என்னக்கா ஆவப் போவுது?" என்றாள். "அங்க எழுதியிருக்கறத மாத்துங்க. வலியிலதான் ஆரம்பிச்சிச்சின்னு தெரிஞ்சாத்தான அந்த முதுக யாராச்சும் பாப்பாங்க."

மறுநாள் காலை வேலைக்குப் போகவில்லை. தம்பியை இரண்டு பேரும் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனோம். அதே அம்மாதான் மேசையில் இருந்தார். இரண்டு நாள் வராததற்கு அவனைக் கடிந்துகொண்டே ஃபைலைத் திறந்தார். நான் அதன் மேல் கையை வைத்தேன். உறைக் கட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, இதில் எழுதியிருப்பது தப்பு, கூட்டாளிகள் பிறகுதான் வந்தார்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். தம்பி, "அக்கா, வேணாம்" என்று என் கையைப் பிடித்தான்.

அப்படியானால் முதலில் கொடுத்தது யார் என்று அவர் கேட்டார்.

"காக்கா டியா" என்றேன். இவனுடைய அக்கா.

அவர் ஓர் உறையை எடுத்துப் படித்தார். நான் சீருடையில் வந்திருக்கவில்லை, ஆனால் எங்கே வேலை செய்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். 'காவான்' என்ற பழைய வார்த்தையை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நான் பதினெட்டு வருடமாகப் பார்த்த பார்வை அது. கண்ணைத் தாழ்த்தாமல் நின்றேன், அவர் எழுதி முடிக்கிற வரைக்கும்.